சுடாத துப்பாக்கி

கூலி வேலை கேட்டு எர்ணாவூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து நின்றுவிட்டது. முன் இருக்கையில் ஒரு தாயும் வளர்ந்த மகனும்.

“எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் ஸ்டேஷன்ல ஒப்படைச்சோமே, அப்பா வெச்சுட்டுப் போன வேட்டைத் துப்பாக்கி, அது சுடவே சுடாதாம்மா.”

“யாரு சொன்னது?”

“துப்பாக்கிக் கடைக்காரரு. சுடாத மாதிரி மாத்திக் குடுங்கன்னு கேட்டேன். தொறந்து பாத்துட்டு சிரிக்கிறாரு. தோட்டாவைத் தட்டுற ஊசியே உள்ள இல்லியாம். நீயா கழட்டுன?”

“எனக்கு இன்னாடா தெரியும் அதப் பத்தி? உங்கப்பாதான். தாத்தா காட்டுப்பன்னி சுட்டதாச்சே, போலீஸ்ல குடுத்துட மனசு வர்ல. ‘குடிச்சா நான் இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது மேரி’ன்னு ஊசியக் கழட்டி என் கையில குடுத்தாரு. காசிமேட்டுக் கடல்ல போட்டேன்.”

மகன் அம்மா பக்கம் திரும்பினான்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? எனக்கும் அவரு மாதிரியே கோவம் வரும். புள்ளைய வெச்சுகினு அதே வூட்ல பயந்து பயந்து படுத்திருந்தேன்.”

“சொன்னா உன் சித்தப்பனுக்குத் தெரிஞ்சிடும். அந்தத் துப்பாக்கிக்குப் பயந்துதானே அவன் சண்டைக்கு வராம கீறான்!”

மகன் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அப்ப மாத்தவும் வேணாம், குடுக்கவும் வேணாம். இருக்கட்டும்மா.”