ஒரு லேப்டாப், ரெண்டு வாத்தியார்

– ஷூவைக்கூட கழட்டாம எவ்வளவு நேரம் வாசல்லயே நிப்பீங்க? உள்ள வாங்க, ஊருக்கே கம்ப்யூட்டர் சொல்லித்தரப் போற மனுஷன்.

– கிண்டல் பண்ணாதே.

– இதுல கிண்டல் என்ன? இன்னிக்கு டீச்சர்ஸ் கூட்டத்துல ஹெச்.எம். வாசிச்சாங்களே. ஆசிரியர்களோட டிஜிட்டல் திறன் டெஸ்ட்டுல ஸ்கூல்லயே முதல் இடம் வரலாறு வாத்தியார். கடைசி இடம் அவரோட சம்சாரம், கணக்கு டீச்சர். இனிமே சனிக்கிழமையானா அடிப்படை வகுப்பு. நடத்தப் போறவர் நீங்க, பெஞ்சுல உக்காரப் போறவ நான்.

– அட, விடு. வெறும் மார்க்குதானே. நாம பிள்ளைங்களுக்குப் போடறதில்லையா, அந்த மாதிரி.

– எப்படி விடறது? தினமும் ப்ரொஜெக்டர் போட்டு கிளாஸ் எடுக்கிறவ நான். அட்டெண்டன்ஸ் ஆப் மக்கர் பண்ணா மொத்த ஸ்டாஃப் ரூமும் என்கிட்டதான் ஓடி வருது. நீங்க உட்பட.

– பதட்டத்துல எதையாவது தப்பா அமுக்கியிருப்பே.

– நானா?

– இல்ல, நெட்டு சரியில்லாம இருந்திருக்கும். இந்த சர்வரெல்லாம் பாரேன், திடீர்னு...

– சர்வர்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? தெரியாதுல்ல? சரி, தண்ணியைக் குடிங்க.

– வேண்டாம், அப்புறம் குடிக்கறேன்.

– அந்த பி.டி. மாஸ்டர் என்னவோ சொன்னாரே, என்னது அது?

– எனக்கு ஞாபகம் இல்ல.

– எனக்கு இருக்கு. ‘மவுஸைப் பிடிக்கவாவது வீட்டுக்காரர்கிட்ட கத்துக்கிட்டிருக்கலாமே டீச்சர்’னார். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க.

– அது... எல்லாரும் சிரிக்கும்போது மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறதுன்னு தெரியல.

– குனிஞ்சிருக்கலாம். நான் குனிஞ்சேன்.

– ஐயோ, போதும், சொல்லிடறேன். நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ. உன் மூஞ்சியைப் பாத்தா எனக்கு வார்த்தை வராது.

– திரும்பிட்டேன். சொல்லுங்க.

– ஞாயித்துக்கிழமை காலையில நீ டெஸ்ட் எழுதினேல்ல, அது உன் பேர்ல போகல. முந்தின நாள் நான் என் பாஸ்வேர்டைப் போட்டு சும்மா டெஸ்ட்டுக்குள்ள போய்ப் பாத்துட்டு, வெளிய வராம அப்படியே லேப்டாப்பை மூடி வெச்சிட்டேன். நீ திறந்ததும் நேரா எழுத ஆரம்பிச்சிட்டே. எல்லாம் என் பேர்ல.

– ம்.

– நீ கடைக்குப் போனப்புறம் நான் உக்காந்தேன். ‘நீங்கள் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள்’னு வருது. எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. அன்னிக்குத்தான் கடைசி நாள். உன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அதுல போய் நான் எழுதிட்டேன்.

– என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தச் சொல்லி ஹெச்.எம்.கிட்ட அன்னிக்கே கேட்டிருப்பேனே.

– வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் ஒரு சபலம். நீ எழுதினா நல்ல மார்க்குதான் வரும். ஒரே ஒரு தடவை அந்த ஸ்டாஃப் ரூம்ல என்னையும் ஒரு ஆளா பாப்பாங்களேன்னு. ஒரு ஃபைல் அனுப்பக்கூட பொண்டாட்டியைத் தேடிப் போறவன்னு அத்தனை பேரும் இளிக்கிறது உனக்கென்ன தெரியும்? ஆனா உன் மார்க்கைச் சபையில வாசிப்பாங்கன்னு சத்தியமா நெனைக்கல.

– வாசிச்சாங்களே. அப்போ?

– எழுந்திரிக்கத்தான் பாத்தேன். அதுக்குள்ள எல்லாரும் கை தட்டிட்டாங்க. கை தட்டினது எனக்கு... அது பிடிச்சிருந்துச்சு, அதைச் சொல்லத்தான் நாக்கு கூசுது. வெக்கமா இருக்குடி. நாளைக்கு முதல் வேலையா ஹெச்.எம். ரூமுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன். மெமோ கொடுத்தாலும் வாங்கிக்கறேன். நீ என்னைத் திட்டவாவது செய்.

– என்னத்தைத் திட்டறது? காலையில ஸ்கூலுக்குப் போனதுமே மார்க்கைத் திறந்து பாத்தேன். என் பதில்கள்ல, கிளாஸ்ல கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துவீங்கன்னு கேட்டதுக்கு, வரலாறு வகுப்புக்கு மேப் மாட்டுவேன்னு இருக்கு. பாஸ்வேர்டை எப்படிப் பத்திரமா வெச்சுக்கணும்னு கேட்டதுக்கு, பீரோவுல வெச்சுப் பூட்டணுமாம். உங்களைத் தவிர யார் எழுதுவா?

– அப்போ... கூட்டத்துக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?

– தெரியும். ஹெச்.எம்.முக்கும் தெரியும். பாத்ததும் நேரா அவங்க ரூமுக்குத்தான் போனேன்.

– தெரிஞ்சுமா உன்னை எல்லார் முன்னாடியும் அப்படி வாசிச்சாங்க?

– அவங்க திருத்தி வாசிக்கறேன்னுதான் சொன்னாங்க. நான்தான், ‘வேண்டாம் மேடம், இருக்கிறபடியே வாசிங்க, நீங்க முடிக்கிறதுக்குள்ள அவரே எழுந்து சொல்லிடுவாரு, அவரைப் பத்தி எனக்குத் தெரியும்’னேன்.