எச்சில் படாத டப்பாக்கள்

குளிர்காலத்துக்கு முன்கூட்டியே சமைத்து வைப்பதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை ஐயா. சூடு முழுக்க ஆறின பிறகுதான் மூட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வேர்த்து, உருகும்போது நாற்றம் அடிக்கும். தொழிற்சாலை விடுதியில் நான் சமையல்காரி. பனி கொட்டி பஸ் நின்றுவிட்டால் அங்கேயே தங்கிவிடுவேன். வீட்டில் தனியாக இருக்கும் அக்காவுக்கு மூன்று வாரச் சாப்பாட்டை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சமைத்து ஃப்ரீசரில் அடுக்கிவிட்டுப் போவேன்.

அக்கா நல்லவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்ததே அவள்தான். ஒரு பழக்கம் மட்டும் உண்டு. டப்பாவைச் சூடு பண்ணி, விரலை விட்டு நக்கிப் பார்த்து, பிடிக்காவிட்டால் மூடித் திரும்ப உறைய வைத்துவிடுவாள். போன குளிர்காலம் நான் திரும்பி வந்தபோது பதினோரு டப்பாக்களில் விரல் தடம். ஒன்றில் அவள் மென்று துப்பிய கறி நார், பல் பதிந்தபடியே உறைந்து கிடந்தது.

"என்னக்கா, எல்லாத்தையும் எச்சில் பண்ணி வச்சிருக்கே?"

"உன் எச்சிலைத் தின்னுதான்டி உன்னை வளர்த்தேன். வந்துட்டா பெரிய சுத்தக்காரி."

சிரித்தாள். பல்லிடுக்கில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதன் பிறகு அவள் தொட்ட டம்ளரைக்கூட என்னால் தொட முடியவில்லை.

இந்த வருஷம் புது டப்பா வாங்கப் போனேன். அக்காவின் விரல்கள் மூட்டுவாதத்தில் வளைந்தவை. குளிரில் ஸ்பூன் பிடிக்கவே தடுமாறுவாள். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் காட்டி, "இது ரொம்ப இறுக்கம்மா, எனக்கே திறக்க வராது" என்றார். அதிலேயே இருபத்தொன்று வாங்கினேன். வீட்டிலிருந்த ரொட்டி, பிஸ்கட், பழம் எல்லாவற்றையும் எலி வருமென்று எடுத்துப் போனேன். திருட்டு பயத்துக்கு வெளியே பூட்டினேன். மகள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கீழ்வீட்டு டீச்சர், "உங்க அக்காவையும் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். அவள் என்னோடு வருகிறாள் என்று சொல்லிவிட்டேன்.

அக்காவின் போனில் ஒரே பொத்தான். அழுத்தினால் எனக்குத்தான் வரும். இரண்டாம் நாள் கூப்பிட்டாள்.

"மூடி திறக்க மாட்டேங்குதுடி."

வெந்நீரில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஐந்தாம் நாள், "பசிக்குதுடி, வாயேன்" என்றாள். அப்போது பந்தியில் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாம் நாளுக்குப் பிறகு போன் வரவில்லை. நானும் தொந்தரவு செய்யவில்லை.

அவளால் திறக்க முடியாதென்று தெரிந்தேதான் வாங்கினேன். கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பட்டினி போட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். மூன்று வாரச் சாப்பாடு வீட்டிலேயே இருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

இருபது டப்பாக்கள் எச்சில் படாமல் ஃப்ரீசரிலேயே இருந்தன. உங்களுக்குச் சொல்லியனுப்புவதற்கு முன் ஒன்றைச் சூடு பண்ணிச் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. இன்னொன்று சமையலறைத் தரையில் அவள் பக்கத்தில் கிடந்தது. மூடியின் ஓரமெல்லாம் பல் தடம், கொஞ்சம் ரத்தம். கையுறை போட்டு எடுத்து அதைக் குப்பையில் போட்டேன். பாருங்கள் ஐயா, கடைசிவரைக்கும் அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவே இல்லை.