முதல் வாய்

ஏழு பேர் ஒன்றாக உட்கார்ந்து, ஏழு பேரும் மனம் கோணாமல் எழுந்து வரக்கூடிய ஓர் உணவகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நீங்கள் தேடிப் பார்த்திருக்கிறீர்களா சார்? ஒருவருக்கு உப்பு கூடாது, ஒருவருக்குச் சர்க்கரை கூடாது, இன்னொருவர் மாமிசம் வெந்த பாத்திரத்தில் செய்ததைத் தொடவே மாட்டார். இடம் நன்றாக இருந்தால் சாப்பாடு சுமார். சாப்பாடு நன்றாக இருந்தால் பரிமாறுகிறவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். எனக்கு இது கைவந்த கலை. அலுவலகத்தில் வெளியூர் விருந்தினர்களுக்கு அறையும் சாப்பாடும் ஏற்பாடு செய்வதுதான் என் வேலை. நான் அனுப்பிய இடத்திலிருந்து இதுவரை ஒருவரும் குறை சொல்லிக்கொண்டு திரும்பியதில்லை.

அதனால்தான் இன்று நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். வெளியே பெஞ்சில் அந்தச் சமையல்காரர் நேற்றைய வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். காலரில் சூப் கறைகூட அப்படியே இருக்கிறது. அவருடைய உணவகத்தைப் பூட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என் தங்கை இறந்ததற்கு அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். அது சரியில்லை. நான் நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கைக்கு முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள் ஆகாது. ஆகாது என்றால் வயிற்றுவலி என்று நினைத்துவிடாதீர்கள். துளி உள்ளே போனாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் கொடுத்த கேக்கை நான்தான் பாதி பிட்டு அவள் வாயில் வைத்தேன். எனக்கு அப்போது பத்து வயது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என்னை அறைந்தாள். "நீ வாயில வச்சுப் பாத்துட்டுக் குடுத்தா என்னடி?" என்று கேட்டாள். அன்றிலிருந்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அது எங்கள் வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. எங்கே போனாலும் தங்கையின் தட்டிலிருந்து முதல் வாய் எனக்கு. அரைத்தாலும் வறுத்தாலும் பாலில் கரைத்தாலும் கொட்டை இருப்பதை என் நாக்கு கண்டுபிடித்துவிடும். நான் தலையாட்டினால் அவள் சாப்பிடுவாள், ஆட்டாவிட்டால் தட்டைத் தள்ளிவிடுவாள். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சித்தப்பா எனக்கு 'லேப்' என்று பட்டப்பெயர் வைத்தார். "லேப் ரிப்போர்ட் வந்தாச்சா? சாப்பிடலாமா?" என்பார், எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவசரத்துக்குத் தொடையில் போடும் ஊசி ஒன்று எப்போதும் என் கைப்பையில் இருக்கும். அவள் பையில் வைத்தால் தொலைத்துவிடுவாள்.

எனக்கு இரண்டு வரன்கள் வந்தன, இரண்டுமே வெளியூர். "நீ போய்ட்டா இவள யாரு பாத்துப்பா?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். இரண்டையும் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எப்படியும் நீங்கள் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் தங்கையின் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை கணக்கு வாத்தியார், தங்கமான மனிதர். அவர் எங்கள் வீட்டுக்கு முதல்முறை சாப்பிட வந்தபோது, நான் வழக்கம்போலத் தங்கையின் தட்டுக்குக் கை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இனிமே நான் பாத்துக்கறேன் அக்கா. இத்தன வருஷம் நீங்க பட்ட கஷ்டம் போதும், ரெஸ்ட் எடுங்க."

"அப்பாடா, இனிமேலாவது முழுத் தட்டும் எனக்கு" என்றாள் தங்கை. வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் மரத்துப்போக ஊசி போட்டால் நம் உதடே யாருடையதோ போல இருக்குமே, அப்படி இருந்தது. அது இன்னும் போகவில்லை.

இரண்டு குடும்பமும் சேர்ந்து கொண்டாட ஓர் இடம் பார்க்கும் பொறுப்பு வழக்கம்போல என் தலையில் விழுந்தது. ஓர் உணவகத்தில் மேஜைக்கு மேஜை முழங்கை இடித்தது. இன்னொன்றில் கொட்டை வகையையே வாசலுக்குள் விடமாட்டார்களாம். ஆனால் சாப்பாட்டில் ருசி இல்லை, கொண்டாட்டத்துக்கு அது எடுபடாது. இந்த இடத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. இதமான வெளிச்சம், இழுத்தால் சத்தம் போடாத நாற்காலிகள். மெனு அட்டையே கிடையாது. யார் யாருக்கு என்ன ஆகாது என்று சமையல்காரரே முந்தின நாள் போனில் விசாரித்து, ஒவ்வொருவருக்கும் அதற்கேற்பச் செய்கிறார்.

அவர் போன் செய்தார். அப்பாவுக்குச் சர்க்கரை, மாப்பிள்ளையின் அப்பாவுக்கு உப்பு, மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சுத்த சைவம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சரிதானா என்று எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார்.

"வேற யாருக்காச்சும் எதாவது சேராதாம்மா? கொட்ட, பால், மீன்?"

அவர் கேட்டார் சார். இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

"இல்ல, மத்தவங்க எல்லாமே சாப்பிடுவாங்க" என்றேன். அவருடைய காளான் சூப்பை முதலில் வைக்கச் சொன்னேன். அது கெட்டியாக இருப்பதற்கு என்ன அரைத்து ஊற்றுகிறார் என்பது எனக்குத் தெரியும். முந்தின வாரம் தனியாகப் போய் ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன்.

நேற்று எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அப்பா புதுச் சட்டையில் வந்திருந்தார். "எல்லாம் சொல்லிட்டியாடி?" என்று அம்மா காதோரம் கேட்டாள். பேசிவிட்டேன் என்றேன். சூப் வந்ததும் மாப்பிள்ளை தங்கையின் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார். இதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்பதற்காகப் பரிமாறுகிறவர் பக்கம் திரும்பினார். அவர் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். தங்கைதான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா இருக்கறப்போ அவர எதுக்குக் கேக்கறீங்க? கடைசித் தடவ, அவளே பாக்கட்டும்" என்று சொல்லிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

ஒரு ஸ்பூன் எடுத்துக் குடித்தேன். முந்திரி திப்பியே இல்லாமல் வெண்ணெய்போல அரைந்திருந்தது. தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலும் இப்படித்தான் பார்ப்பாள், வாய் லேசாகத் திறந்திருக்கும். நான் தலையாட்டினேன்.

பாதிக் கிண்ணம் குடித்திருப்பாள். ஸ்பூன் கீழே விழுந்தது. கை தொண்டைக்குப் போனது. அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். மாப்பிள்ளை அவளுடைய பையைக் கவிழ்த்துக் கொட்டி, ஊசி எங்கே ஊசி எங்கே என்று தேடினார். அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். வேறு பையை எடுத்துவந்துவிட்டேன் என்று சொன்னேன். என் பை என் மடியில்தான் இருந்தது. இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்திருந்தேன்.

இனிமேல் பார்த்துக்கொள்வதாக அவர்தானே சொல்லியிருந்தார். ஊசி யாரிடம் இருக்கிறது என்று அவர் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டாமா? அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதோ அந்த ஊசி. உறை பிரிக்கவில்லை. வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் சொல்லாமலே இருந்திருப்பேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, என் நாக்கு ஒரு தடவை ஏமாந்துவிட்டது என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் இன்று காலை அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "உன் தப்பு இல்லடி, நீ பாத்த எடம் சரியில்ல, அவ்ளோதான்" என்று அழுதாள். மாப்பிள்ளையும் அதையேதான் சொன்னார், வேறு இடம் பார்த்திருக்கலாம் என்று. நேற்றிலிருந்து எதற்கும் கலங்காத எனக்கு அதை மட்டும் தாங்க முடியவில்லை. முகம்கூடக் கழுவாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

அந்தச் சமையல்காரரை வீட்டுக்கு அனுப்புங்கள் சார். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார், சொன்னபடி சமைத்தார். முந்திரி என்று தெரிந்தேதான் அவளுக்குக் கொடுத்தேன், ஊசியையும் தெரிந்தேதான் எடுக்கவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இடம் நல்ல இடம் என்பதையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். என் தங்கைக்கு என்னைவிட அக்கறையாக இடம் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்?