மறுப்பு இல்லாத கட்டுரை

"கடவுள் இல்லைன்னு எழுதி முடிச்சிட்டேங்க. இருக்காருன்னுதான் எழுத வரல."

இரத்தினபுரிக்குப் போகும் ரயிலில், எதிரே இருந்த பெல்மதுளைக் கடை முதலாளி இப்படிச் சொன்னதும் நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் நெற்றியில் திருநீறு கலையாமல் இருந்தது. அவர் அருகில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்தில் கணக்கு எழுதும் கிளாக்கர்.

"மறுப்பு இல்லாமல் சைவ சித்தாந்தக் கட்டுரை எப்பிடி, முதலாளி?"

"நாம படிக்கிற சாத்திரத்துல எப்படிங்க இருக்கு? எதிராளி வாதத்தை மொதல்ல குறைக்காம சொல்லிட்டு, பொறவுதானே மறுக்கிறாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். அவன் வாதம் கடகடன்னு வந்திருச்சு. நமக்கு ஒரு வரி வரல. மறுப்பை நீங்க எழுதித் தாங்கய்யா. காலையில கடையில சாமி விளக்கு ஏத்தவே ஒரு மாதிரியா இருக்கு."

கிளாக்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் நீட்டிய கட்டுரைத் தாள்களை வாங்கி வாசித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். வண்டி இரத்தினபுரியில் நின்றபோதுதான் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை எங்கட சைவ சபையில இதை வாசிக்க வேண்டாம்."

"பிழையா எழுதிட்டேனுங்களா?"

"பிழை எண்டால் இப்பவே திருத்தித் தந்திருப்பன்."