வீட்டாளுங்க லிஸ்டுல நாலு பேரு

சாயங்காலம் ஆறு நாப்பது... இரத்தோட்டையில இருந்து மேல ஏறுற ரோடு. நல்ல மழை. ரோட்டுல ஒரு நாய் கூட இல்ல.

ஏய், கொடி ஒட்டுற கைய ஏன் நிப்பாட்டுறீங்க? கதைய காதால கேளுங்க, கை பாட்டுக்கு வேல செய்யட்டும். விடிஞ்சா திருநாள். ஃபாதர் வந்து பாக்கிறப்ப கயிறு வெறுங்கயிறா தொங்குச்சுன்னா என்னையத்தான் கேப்பாரு. நிரஞ்சனி, அந்தக் கதவ சாத்திட்டு இப்புடி கிட்ட வா, சாரல் அடிக்குது.

எங்கூட கார்மெண்ட்ஸ்ல இருந்த டொறீன தெரியுமில்ல? அவ கூடப்பொறந்த தம்பி ரொஹானுக்கு நடந்தது இது. அவ வாயால கேட்டேன். கட்டுக்கதை கட்டுற அளவுக்கு அவளுக்கு மூளை கெடையாது, பாவம்.

ரொஹான் சீகிரியா பக்கம் ஹோட்டல்ல கெமரா மாட்டுற வேல. கெட்டிக்காரன். பொண்டாட்டி ஷிரானி மாத்தளை டவுன்ல ஒரு பாமசியில, மருந்துக் கடையில வேலைக்கு நின்னா. நல்ல பிள்ள, வாய் ஓயாது. மூணே நாள் காய்ச்சல்... போயிட்டா. மக மிலேனிக்கு அப்ப நாலு வயசு. அதுக்குப் பொறகு டொறீன்தான் அவன் வீட்டுலயே தங்கி பிள்ளைய பாத்துக்கிட்டா.

ஒன்றரை வருசம் போச்சு. ஒரு நாள் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கிறப்ப அந்தப் பிள்ள கேட்டிச்சாம், "அப்பா, அம்மா எப்புடிப் பேசுவாங்க? எனக்கு நெனப்பு வரமாட்டேங்குது" ன்னு. பெத்தவனுக்கு எப்புடி இருக்கும்? அன்னைக்கு ராத்திரி முழுக்க தூங்கல அவன். பிள்ளைக்கு தாயோட கொரல் மறந்துறக் கூடாது, அது ஒண்ணுதான் மண்டையில.

அலமாரியில கெடந்த சீடி, பழைய போன், எல்லாத்தையும் எடுத்தான். கல்யாணம், ஞானஸ்நானம், பொறந்த நாளு... அவ்வளவையும் ஒரு சின்னக் கொம்பியூட்டர்ல ஏத்தி டீவியோட சேத்துட்டான். வாயால சொன்னா போதும், டீவி எடுத்துப் போடும். அதோட விட்டானா? வாசல்ல ஒரு கெமரா, ஹோல்ல ஒண்ணு. வாசல் கெமரா வர்ற ஆளோட மூஞ்சிய பாத்து, டிங்குன்னு ஒரு மணி அடிச்சு, அவங்க வீடியோவ டீவியில போடும். ரொஹானுக்கு போன்லயும் சொல்லும். ஹோல் கெமரா, வீட்டுக்குள்ள தெரியாத ஆளு இருந்தா போன்ல சொல்லும். டொறீன் வந்தா, மிலேனி ஞானஸ்நானத்துல அவ வட்லாப்பம் திங்கிற படம். அவளுக்கு அதுல ஒரே வெக்கம்.

சிஸ்டத்துக்கு மூஞ்சி பழக்கணுமே. வீடியோவுல இருக்கிற மூஞ்சிய ஒவ்வொண்ணா காட்டி, இது யாருன்னு கேக்கும். இவன் பேரு போட்டுக்கிட்டே வந்தான். ஷிரானி சிரிக்கிறா... ஷிரானி. தல சீவுறா... ஷிரானி. அப்ப இன்னொரு மூஞ்சி வந்திச்சு. கண்ணு மூடி. மூக்குல பஞ்சு.

சாவு வீட்டு வீடியோ. ஷிரானியோட அக்கா இத்தாலியில, லீவு கெடைக்கல, அவளுக்கு அனுப்புறதுக்காக எடுத்தது. நம்ம எல்லாரும் எடுக்கிறதுதானே, பெட்டியச் சுத்தி நின்னு, கிட்ட வாங்க, கிட்ட வாங்கன்னு. அதுவும் மத்த சீடியோட சேந்து உள்ள போயிருக்கு.

இது யாரு?

விரலு நின்னுச்சாம். பொறகு போட்டான்... ஷிரானின்னு. வேற என்னா போடுவான்? பொண்டாட்டிதானே. கடைசியில வீட்டாளுங்க லிஸ்ட் கேட்டிச்சு. அவன், மிலேனி, டொறீன்... மூணு பேரோட நிப்பாட்ட மனசு வரல. நாலாவதா ஷிரானியையும் போட்டுட்டான்.

அங்கதான் தப்பு நடந்திச்சு.

இப்ப அந்த ரோட்டுக்கு வாங்க. ஆறு நாப்பது. மிளகுத் தோட்டம் தாண்டி பைக்க ஏத்திக்கிட்டு இருக்கான். சட்டப் பையில போன் அதிருது. ஓரமா நிப்பாட்டி, ஹெல்மெட்ட கழட்டிப் பாக்கிறான்.

ஷிரானி வீட்டுக்கு வந்திருக்கிறார்.

ஆறு நாப்பதுங்கிறது என்னா நேரம் தெரியுமா? ஷிரானி உசுரோட இருந்தப்ப வேல முடிஞ்சு, மாத்தளை பஸ்ஸுல எறங்கி வீட்டு வாசலுக்கு வர்ற நேரம்.

பறந்தடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனான். குசினியில டொறீன் மீன் பொரிச்சுக்கிட்டு நிக்கிறா, ஒண்ணுந் தெரியாது. ஹோல்ல டீவி ஓடுது. மிலேனியோட மொத பொறந்த நாளு. ஷிரானி அடுப்புல ரோல்ஸ் போட்டுக்கிட்டே திரும்புறா. "ஐயோ ரொஹான், என்னைய எடுக்காதீங்க, மூஞ்செல்லாம் எண்ணெ!" ன்னுட்டு ஒரு சிரிப்பு.

மிலேனி கைய தட்டிக்கிட்டு, "அப்பா, அம்மா பேசுறாங்க! இப்புடித்தான் பேசுவாங்க!"

வாசல் கெமரா எடுத்த படத்த பாத்தான். வெறும் வாசல். மழைத் தண்ணி. ஆளில்லாத எடத்துல, ஆளு ஒயரத்துல ஒரு கட்டம் போட்டிருக்கு. கட்டத்துக்குக் கீழ, ஷிரானி.

ஈசலா இருக்கும், மழையில லைட்டு பட்டிருக்கும்னு அவனே அவனுக்கு சொல்லிக்கிட்டான். ஊருக்கெல்லாம் கெமரா மாட்டுறவனுக்கு சமாதானம் சொல்லத் தெரியாதா?

மறுநாளும் ஆறு நாப்பது. அதுக்கு மறுநாளும். சண்டே மட்டும் இல்ல. சண்டே பாமசி பூட்டு.

டொறீன் கத்துறா, "தம்பி, அந்த எழவ கழட்டி வீசுடா!" அவனுக்கும் பயந்தான். ஆனா கழட்ட முடியல. ஏன்னா மிலேனி ஆறரைக்கெல்லாம் மூஞ்சி கழுவி, பௌடர் போட்டு, வாசலப் பாத்து ஒக்காந்துருது. ஒன்றரை வருசமா ஊமையாட்டம் இருந்த பிள்ள, தாய் மாதிரியே கைய ஆட்டி ஆட்டிப் பேசுது. அத எந்த அப்பன் கழட்டுவான், சொல்லுங்க?

அடுத்த வியாழக்கிழமை லீவு போட்டுட்டு அவனே ஒக்காந்தான். பிள்ள பக்கத்துல. ஆறு முப்பத்தெட்டு... கீழ ரோட்டுல பஸ் ஹோர்ன். ஆறு நாப்பது. படியில ஈரச் செருப்பு மாதிரி... சளக்... சளக்... சளக்.

டிங்.

டீவி போட்டுக்கிச்சு. "ஐயோ ரொஹான், என்னைய எடுக்காதீங்க..." மிலேனி டீவிய பாக்கல. வாசலையே பாத்துக்கிட்டு இருக்கு, மொகத்த நல்லா நிமித்தி.

அப்பதான் வாடை வந்திச்சு. மீன் வாடை இல்ல. மழை வாடை இல்ல. சாவு வீட்டுல பெட்டிய தெறந்த ஒடன கண்ண எரிக்குமே... ஃபோர்மலின். அந்த வாடை.

மிலேனி மெல்லமா சொல்லுது, "அம்மா, ஏன் தெனமும் கண்ண மூடிக்கிட்டே வர்றீங்க?"

ரொஹான் பிள்ளைய தூக்கி டொறீன்கிட்ட குடுத்துட்டு போன நோண்டுனான். எந்த மூஞ்சிய வச்சு இவள ஷிரானின்னு சொல்லுதுன்னு பாத்தா... சிரிக்கிற மூஞ்சி இல்ல. தல சீவுற மூஞ்சி இல்ல. பஞ்சு வச்ச மூஞ்சி.

அன்னைக்கு அந்தப் பிள்ள தூங்குன பொறகு சாவு வீட்டு வீடியோவ அழிக்க ஒக்காந்தான். அழிக்க முன்னாடி ஒரு தடவ பாத்துறலாம்னு போட்டான். நான்னா பாத்திருக்க மாட்டேன். வெள்ளத் துணி, மெழுகுதிரி, செபம். பெட்டியச் சுத்தி ஆளுங்க. எல்லார் மூஞ்சியிலயும் கட்டம், பேரு. டொறீன் அழுதுக்கிட்டே குனிஞ்சு முத்தம் குடுக்கிறா...

வெறும் தலகாணிக்கு.

பெட்டிக்குள்ள பூ இருக்கு. செபமாலை இருக்கு. தலகாணி நடுவுல பள்ளம் இருக்கு. ஆளில்ல.

அழிச்சான். அந்த வீடியோவ, பஞ்சு வச்ச மூஞ்சிய, ரெண்டையும். சிரிக்கிற மூஞ்சிய மட்டும் ஷிரானின்னு விட்டு வச்சான். அழிச்சுட்டு, ஷிரானி, மன்னிச்சுக்கன்னு தேம்பித் தேம்பி அழுதிருக்கான்.

மறுநாள். ஆறு முப்பத்தெட்டு, பஸ் ஹோர்ன். ஆறு நாப்பது... ஒண்ணும் இல்ல. மணி அடிக்கல. டீவி கறுப்பா கெடக்கு. அப்பாடான்னு மூச்சு விட்டான். விட்ட கையோட நெஞ்சு வலிச்சிச்சு, இனி வரமாட்டாளேன்னு. மனுசன் மனசு அப்புடித்தான். மிலேனி சோபாவுல அவனுக்கு முதுகக் காட்டி ஒக்காந்திருக்கு. பிள்ளைக்கு என்னத்த சொல்றதுன்னு தெரியாம அவன் குசினி வாசல்ல நிக்கிறான். டொறீன் பின்னால.

ஆறு நாப்பத்திரண்டு. போன் அதிர்ந்திச்சு.

வாசல் கெமரா இல்ல. ஹோல் கெமரா.

படத்துல சோபா. மிலேனி ஒரு ஓரமா ஒதுங்கி, எடம் விட்டு ஒக்காந்திருக்கு. பக்கத்துல வெறும் எடம்... அதுல ஒரு கட்டம். கீழ எழுதியிருக்கு, வீட்டில் தெரியாத ஆள். இது யார்?

ரொஹான் தல நிமிந்து பாத்தான். சோபாவுல பிள்ள மட்டுந்தான். ஆனா பக்கத்துல மெத்தை அமுங்கியிருக்கு.

"மிலேனி..." ன்னான். "மகள், இங்க வாங்க."

பிள்ள அசையல. திரும்பவும் இல்ல. பக்கத்துல, ஒரு பெரிய ஆளோட மொகம் இருக்கிற ஒயரத்துக்கு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்கு. பொறகு ரொம்ப ரொம்ப மெல்லமா சொல்லிச்சாம்:

"அப்பா... கண்ணத் தெறந்துட்டாங்க. இது யாருப்பா?"