வெள்ளை வட்டம்

தலையில் மாட்டிக்கொள்ளும் குடை, குடையா தொப்பியா என்று யாராவது கேட்டால் நான் இன்றைக்கும் குடை என்றுதான் சொல்வேன். கம்பி இருக்கிறது, துணி இருக்கிறது, மழைக்கு விரிகிறது. தலையில் உட்காருகிறது என்பதற்காக அது தொப்பியாகிவிடுமா? மேல்முறையீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். மூத்தவர் அதை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, "எனக்கென்னமோ தொப்பி மாதிரிதான் இருக்கு" என்றார். அறையே சிரித்தது. அன்றிலிருந்து துறைமுகத்தில் எனக்குக் 'குடை சார்' என்று பெயர். டீ கொண்டுவருகிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்து வந்தேன். ஆனால் குடையிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் பிடிபடும்.

சுங்கத்தில் என் வேலை, கப்பலில் வந்து இறங்கும் பொருள் என்ன என்று முடிவு செய்வது. எங்களிடம் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் உண்டு. உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் அதில் ஒரு எண் இருக்கிறது, எண்ணுக்குத் தகுந்த வரி. கொண்டுவருகிறவர் வரி குறைந்த எண்ணைச் சொல்வார், நான் சரியான எண்ணைச் சொல்வேன். ஒத்துவராவிட்டால் வழக்கு. அது முடியும்வரை சரக்கு எங்கள் முற்றத்தில் கிடக்கும். அதிலிருந்து ஒரே ஒரு பெட்டியை எடுத்து, சீட்டு ஒட்டி, மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்வோம். அதுதான் மாதிரி. கடிதம், வாதம், தீர்ப்பு எல்லாம் அந்த ஒன்றை வைத்துத்தான். மாதிரி எப்படியோ கன்டெய்னர் முழுக்க அப்படியே என்று நம்புவதுதான் எங்கள் பிழைப்பு. ஆயிரக்கணக்கான பெட்டிகளை யார் பிரித்துப் பார்ப்பது?

குடை கதை நடந்து ஒரு வருஷம் கழித்து அந்த வடிகட்டிகள் வந்தன. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் மாட்டுவது. தெளிவான பிளாஸ்டிக் குழாய், உள்ளே முடி மாதிரி ஆயிரக்கணக்கான இழைகள், இரண்டு முனையிலும் பசை. அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அக்கா வாரத்தில் மூன்று நாள் அந்த இயந்திரத்தோடுதான் உட்கார்ந்திருப்பாள். சரக்கு வந்ததும் அவள் போகிற பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரம்மா. அக்கா ஃபோனை எடுக்காவிட்டால் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்பேன்.

ஆஸ்பத்திரிக்காகச் சரக்கை எடுக்க வந்த முகவர் அதை மருத்துவக் கருவி என்று எழுதியிருந்தார், அதற்கு வரி இல்லை. நான் வடிகட்டி என்றேன், அதற்கு உண்டு. முகவர் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர், வாத்தியார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அலட்டிக்கொள்ளாத மனிதர்.

"சார், வரிச் சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். உத்தரவாதம் எழுதித் தர்றேன், சரக்கை மட்டும் விட்டுடுங்க. இது வெயில் தாங்காது" என்றார்.

அப்படி விடுவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. என் ஒரு கையெழுத்து போதும். நான் பேனாவை எடுத்தும் விட்டேன், பொய் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் பக்கத்து மேசை எழுத்தரிடம், "குடை சார் நல்ல மனுஷர்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னார். எழுத்தர் மட்டும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். நான் பேனாவைச் சட்டைப்பையில் திருப்பிச் செருகிவிட்டு, "விசாரணைக் குழு நேர்ல பாக்க வேண்டியிருக்கும், சரக்கு இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

ஏழு வாரம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கையிருப்பு குறைந்து, அக்காவுக்கு மூன்று நாள் இரண்டு நாளானது. அவள் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. நான் பெரிய செருப்பு வாங்கிக் கொடுத்தேன்.

ஒவ்வொரு பெட்டியின் மேலும் காசு அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் ஒட்டியிருக்கும். சூடு அளவுக்கு மேல் போனால் அது கறுத்துவிடும், பிறகு வெளுக்காது. கறுத்தால் உள்ளே பசை விட்டுவிட்டது, மாட்டக் கூடாது என்று அர்த்தம். கன்டெய்னர் வெட்டவெளியில் நின்றது. என் அறையில் ஏசி உண்டு. இழுப்பறையில் இருந்த மாதிரியின் வட்டம் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது.

வழக்கில் நான் ஜெயித்தேன். தொப்பி மாட்டிய அதே மூத்தவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

இரண்டு நாளில் ஆஸ்பத்திரி வரியைக் கட்டியது. நாள்பட்ட சரக்கு என்பதால், நல்ல நிலையில் இருக்கிறது என்று நான் சான்று எழுத வேண்டும். "ஒரு பெட்டியைத் திறந்து பாத்துடலாமா சார்?" என்றார் வாத்தியார். "அதுக்குத்தானே மாதிரி இருக்கு" என்று இழுப்பறையைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். வெள்ளை. இத்தனை வருஷமாக இரண்டு தரப்பும் மாதிரியை நம்பித்தானே சண்டையே போட்டோம். அவரும் நம்பினார். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இதுவரைக்கும் கேட்டால் கவனக்குறைவு என்று எழுதுவீர்கள். வழக்கப்படி செய்தார், வழக்கம் சரியில்லை என்று முடித்துவிடுவீர்கள். அவ்வளவுதான் என்றால் நான் வந்திருக்கவே மாட்டேன்.

சான்று எழுதியதற்கு முந்தைய நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், நான் தனியாகப் போய்க் கன்டெய்னரின் சீலை வெட்டித் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. முன்வரிசை முழுக்கக் கறுப்பு. பின்வரிசை தப்பியிருக்கும் என்று உள்ளே ஏறிப் பார்த்தேன். பதினான்கு பெட்டிகளை இழுத்துப் பார்த்தேன், பதினான்கும் கறுப்பு. கதவைச் சாத்திப் புது சீல் போட்டு, பதிவேட்டில் பழைய சீல் எண்ணை அடித்துப் புது எண்ணை எழுதினேன். அந்த அடித்தலை நீங்கள் இப்போதும் பார்க்கலாம்.

சொல்லியிருந்தால் மொத்தத்தையும் எரிக்கச் சொல்லியிருப்பார்கள். ஏழு வாரம் வெயிலில் போட்டது யார் என்று கேட்டிருப்பார்கள். ஜெயித்த வழக்கை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். இந்தத் தடவை என்ன பெயர் வைப்பார்கள் என்று கன்டெய்னர் நிழலில் நின்று யோசித்தேன். அதைத்தான் யோசித்தேன்.

ஆஸ்பத்திரி ஸ்டோர்கீப்பர் கறுப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டு வாத்தியாருக்கு ஃபோன் செய்திருக்கிறார். "அதிகாரியே பாத்து எழுதியிருக்காரு" என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். வெளியே நோயாளிகள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டோர்கீப்பர் கொடுத்துவிட்டார். முதல் வாரத்தில் குளிர்க்காய்ச்சல் கண்டு ஆறு பேர் போய்விட்டார்கள். துறைமுகத்தை விட்டுப் போகும்போது வட்டம் வெள்ளை என்று என் சான்று சொல்கிறது, அப்படியானால் கறுத்தது ஆஸ்பத்திரிக் கிடங்கில்தான் என்று அந்த ஸ்டோர்கீப்பரை நாற்பது நாளாக உள்ளே வைத்திருக்கிறீர்கள். என் எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு. அவரை விட்டுவிடுங்கள். அவருக்காகத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் நாற்பது நாளும் நான் நன்றாகத்தான் தூங்கினேன்.

நீங்கள் எழுதும்போது ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். நான் ஈவிரக்கமில்லாதவன் இல்லை. சரக்கு வெளியே போன அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"இனிமே அந்த ஆஸ்பத்திரி வேண்டாம் அக்கா. ஊருக்கு அந்தப் பக்கம் ஒண்ணு புதுசா திறந்திருக்காங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"அங்க எனக்கு யாரைடா தெரியும்? இங்கன்னா பேச்சுத் துணைக்குத் தையல்காரம்மா இருக்கா" என்று இழுத்தாள். நான் விடவில்லை. லீவு போட்டு மூன்று நாளும் நானே கூட்டிப் போனேன். அக்கா இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள். ஆறு உயிர் போனது என்னால் என்றால், ஒரு உயிர் நின்றதும் என்னால்தானே? 

போன வாரம் இதை அவளிடமே சொன்னேன். அவளுக்காவது புரியும் என்று நினைத்தேன். தையல்காரம்மா கடைசியாகத் தைத்துக் கொடுத்த ரவிக்கையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தாள், மறுபடியும் பிரித்து மடித்தாள்.

"அவ ஃபோன் நம்பர் உன்கிட்ட இருந்துச்சேடா" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

இருந்தது, இன்னமும் இருக்கிறது. அன்று சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் நின்று அந்த எண்ணை எடுத்தும் பார்த்தேன். ஏன் போகக் கூடாது என்று அந்த அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து, ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டேன்.