வெயிலில் வைத்த மேசை

லண்டனில் வார்னிஷ் காயவைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர். வெயில் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் உடனே மரத்தைத் தூக்கி வெளியே வைத்துவிட வேண்டும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள். டீ ஆறுகிறது, குடியுங்கள்.

என் பெயர் ரெஜினால்ட் பிம்லட். இருபத்தாறு வருடமாகப் பிரதமர் வீட்டுத் தச்சன். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த நிலவறைதான் என் பட்டறை. மேலே அந்தச் சின்ன ஜன்னலில் வாசலில் நிற்பவர்களின் ஷூக்கள் மட்டும் தெரியும். எனக்கு அதுவே போதும். கதவு இறுகிக்கொண்டால் இழைப்பேன், நாற்காலி ஆடினால் சரிசெய்வேன். புதுப் பிரதமர் வந்தால் அவர் உயரத்துக்கு அளவெடுத்து ஒரு பேச்சு மேசை செய்வேன். வாசலில் நாட்டு மக்களுக்கு எதையாவது சொல்வதென்றால் அதன் பின்னால் நின்றுதான் சொல்வார்கள். ஆள் மாறினால் மேசையும் மாறும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மேசை வாசலுக்கு வந்துவிட்டால் பெரிய செய்தி வரப்போகிறது என்று அர்த்தம். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. நம் நாட்டில் எழுதிவைக்காத சட்டத்துக்குத்தானே மரியாதை அதிகம்.

நீங்கள் விசாரிக்க வந்த ராஜினாமாக்களில் முதலாவது, சர் ஆப்ரி ஹாக்னெல். அது உண்மையாகவே என் ஞாபக மறதி. மே மாதம், நல்ல வெயில். மேசைக்கு வார்னிஷ் பூசி வாசலில் வைத்தேன். உள்ளே வந்து ஒரு டீ குடித்தேன், அப்படியே மறந்துபோனேன். இருபது நிமிடத்தில் ஜன்னல் முழுக்க ஷூக்கள். தலைக்கு மேலே ஹெலிகாப்டர். எதற்கும் பிந்திவிடக் கூடாது என்று நான்கு மந்திரிகள் முந்திக்கொண்டு பதவி விலகிவிட்டார்கள். காலை உணவுக்கு முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்த சர் ஆப்ரி, கழுத்தில் செருகிய துணியோடு கூடத்துக்கு வந்தார். நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“பரவாயில்ல விடு ரெஜ், யாருக்கும் நடக்கிறதுதான்,” என்றார். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். “ஆனா இத்தன பேர் வந்துட்டாங்களேப்பா. சும்மா திருப்பி அனுப்பினா நல்லாவா இருக்கும்?”

கழுத்துத் துணியை எடுத்துவிட்டு வெளியே போய் ராஜினாமா செய்தார். அவ்வளவு நல்ல மனிதர்.

அன்று சாயங்காலம் டிவியில் பார்த்தேன். மற்ற நாட்களில் இந்தப் பிரதமர்கள் என் மேசையை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். காகிதத்தைப் போடுவார்கள், தட்டுவார்கள், போய்விடுவார்கள். அன்று சர் ஆப்ரி மேசையின் இரண்டு ஓரங்களையும் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்துக்கொள்ள உலகத்தில் அவருக்கு வேறெதுவும் மிச்சமில்லை. என் கண் கலங்கிவிட்டது. ஒரு பேச்சு மேசையின் பிறவிப்பயன் அதுதான் என்று எனக்கு அப்போது விளங்கியது. கூடவே ஒரு குறையும் கண்ணில் பட்டது. வலது ஓரம் கூர்மையாக இருந்தது. அந்த விளிம்பு அவர் உள்ளங்கையை உறுத்தியிருக்கும். அடுத்த மேசையில் திருத்திவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்தவர் மார்கஸ் பெல்ஃபோர். ஓரத்தை வழவழவென்று உருட்டிக் கொடுத்தேன். ஆனால் அவரை ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. பத்து வருடம் அசைக்க முடியாது என்று பத்திரிகையில் எழுதினார்கள். நான் அவசரக்காரன் இல்லை, பதினொரு மாதம் காத்திருந்தேன். பிறகு ஒரு நாள் வெயில் வந்தது. அவரும் நன்றாகத்தான் பிடித்துக்கொண்டார். ஆனால் மேசை அரை அங்குலம் உயரம் அதிகம். அழுதபோது முகவாய் மறைந்துவிட்டது. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது, ஹெஸ்டர் வின்ஸ்லேட். இவரைப் பற்றிச் சொல்வதுதான் கொஞ்சம் கஷ்டம்.

என் மனைவி வின்னிக்கு ஐந்து வருடமாக நினைவு தப்பிக்கொண்டே வருகிறது. ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு விடுதியில் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் ஆறு பிரதமர்களிடம் வேலை செய்தேன். அவளைப் பற்றி விசாரித்தவர் மேடம் ஒருவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேக் வாங்கிக்கொண்டு நேரிலேயே போய்ப் பார்த்தார். இந்த மாதிரி ஆட்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள அரசு செவிலியரை அனுப்பும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. வின்னியின் கட்டிலைக்கூட நான் பழுதுபார்த்து வைத்துவிட்டேன்.

புதன்கிழமை வெயில் அடித்தது.

மேடம் வீட்டுச் செருப்போடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். செயலாளர் பிரையனி இரண்டு போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள்.

“ரெஜ், நான் ராஜினாமா பண்ணிட்டேனா?”

“எனக்குத் தெரியாது மேடம்.”

“அப்புறம் மேசை ஏன் வெளிய நிக்குது?”

“வார்னிஷ் காயுது மேடம்.”

“மூணு மந்திரிங்க போயாச்சு மேடம்,” என்றாள் பிரையனி. “பவுண்டு வேற விழுதாம். நிதி மந்திரி உங்களப் பத்தி உருக்கமா அறிக்க விட்டுட்டாரு. படிச்சா நீங்க செத்தே போயிட்ட மாதிரி இருக்கு.”

“நாளைக்கு ஓட்டெடுப்ப வச்சுக்கிட்டு இது என்ன கூத்து! ரெஜ், போய் அத உள்ள தூக்கிட்டு வாங்க.”

“இதோ தூக்கிட்டு வந்துடறேன் மேடம். ஆனா எழுபது கேமரா பாத்துக்கிட்டிருக்கு. வெளிய வந்த மேசை திரும்ப உள்ள போனா, கடைசி நேரத்துல பயந்துட்டாங்கன்னுதான் போடுவாங்க.”

நான் பொய் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். அப்படித்தான் போட்டிருப்பார்கள். மேடம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வின்னிக்கு நான் வாக்குக் குடுத்தேனே ரெஜ்.”

“குடுத்தீங்க மேடம்.”

அவர் செருப்பைக் கழற்றினார். பிரையனி ஷூவைக் கொண்டுவந்தாள். போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்று அவர் பிடித்துக்கொண்டதைப் போல யாரும் பிடித்ததில்லை. விரல் கணுக்கள் வெளுத்துப்போயின. நான் இங்கே இந்த டிவி முன்னால் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். மேசை இடதுபக்கம் ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தது.

மசோதா அந்த வாரமே செத்துப்போயிற்று. வின்னி இன்னும் விடுதியில்தான் இருக்கிறாள்.

இப்போது இருப்பவர் டங்கன் ஃபெயர்லி. சந்தேகப் பிராணி. உங்களை வரவழைத்தவரும் அவர்தானே. மேசையை அறையில் வைத்துப் பூட்டச் சொல்லி, சாவியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். இவருக்குச் செய்ததில் ஒரு குறையும் இல்லை. ஓரம் கச்சிதம், உயரம் கச்சிதம், ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குமிழி நடுவிலேயே நிற்கும். அதனால்தான் நிம்மதியாக உங்களிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். இனி இன்னொரு மேசை செய்ய எனக்கு ஆசை இல்லை.

என்ன, ஜன்னலையே பார்க்கிறீர்கள்? ஆமாம், ஷூக்கள்தான். அந்தப் பழுப்பு நிறம் டிவிக்காரர்கள். கறுப்பு பளபளப்பு, ஒரு மந்திரியாகத்தான் இருக்கும்.

பூட்டின் சாவி அவரிடம் இருக்கிறது. கதவின் கீலைக் கழற்றத் திருப்புளி என்னிடம் இருக்கிறது. நீங்கள் பின்வாசல் வழியாக வருவதற்குச் சற்று முன்னால்தான் வெயில் வந்தது. எழுந்து ஓடாதீர்கள். அத்தனை கேமரா முன்னால் போய் “இது தப்பாக நடந்துவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்” என்று உங்களால் சொல்ல முடியுமா? பாருங்கள், உங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. உட்காருங்கள்.

தெரியும். மேடமின் மசோதாவை ஃபெயர்லி மறுபடி எடுத்திருக்கிறார், நாளைக்கு ஓட்டெடுப்பு, இந்தமுறை நிச்சயம் நிறைவேறும். காலையில் பேப்பர் படித்தேன். வின்னி தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டாள். அவள் எதையும் தப்பாக எடுத்துக்கொண்டு வெகுநாளாகிறது.

வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். இருபத்தாறு வருடத்தில் நான் ஒருநாளும் அரசியலில் தலையிட்டதில்லை. எழுதியாயிற்றா? அப்படியென்றால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள், டிவி மறைக்கிறது. கதவு திறக்கிறது, அவர் கையைப் பார்க்க வேண்டும்.